கமா இல்லாத மகள்

எனக்குக் கோபம் வரும் என்பது இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். எதற்காக வரும் என்பதுதான் பலருக்கும் புரியாது. கமாவுக்காக வரும். இருபது வருஷம் தனிப்பயிற்சி நிலையத்தில் ஆங்கில இலக்கணம் நடத்தியவள் நான். அதை மூடியதும் இங்கே மூன்றாவது மாடியில் ஒரே அறை பிடித்து, மொழிபெயர்ப்பு, தட்டச்சு என்று உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் பக்கம் என் மேஜை, கதவுப் பக்கம் ஜெராக்ஸ் மிஷின், அதற்குப் பின்னால் எங்கள் வீட்டுக்காரர். நான் அடித்ததை ஒருமுறை படித்துப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிப்பது அவர் வேலை. கண்டுபிடிப்பது சுலபம், உன்னிடம் சொல்லத்தான் தைரியம் வேண்டும் என்பார். அதெல்லாம் சும்மா.

டிஃபைனிங் ரிலேட்டிவ் கிளாஸ், அதாவது யாரைச் சொல்கிறோம் என்று அடையாளம் காட்டும் துணைவாக்கியம், என்று ஒரு பாடம் உண்டு. பெயரைக் கேட்டதுமே பிள்ளைகள் கொட்டாவி விடும். அதனால் எங்கள் வீட்டுக்காரரை வைத்தே அதை நடத்துவேன். ‘மாடியில் வேலை செய்யும் என் கணவர் டீ குடிக்கிறார்.’ இதை ஆங்கிலத்தில் ‘ஹூ’ போட்டு எழுத வேண்டும். அந்த ‘ஹூ’வுக்கு முன்னால் கமா போட்டால் எனக்கு ஒரே கணவர், மாடியில் வேலை என்பது போகிற போக்கில் சொன்ன செய்தி. கமா போடாவிட்டால், எந்தக் கணவர் என்று அடையாளம் காட்டுவதாக ஆகிவிடும். அதாவது கீழ்த்தளத்தில் இன்னொருத்தர் இருக்கிறார் என்று அர்த்தம். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். எங்கள் வீட்டுக்காரருக்கு மட்டும் இந்த ஜோக் அறவே பிடிக்காது. தமிழில் இந்த வம்பே இல்லை. ‘மாடியில் வேலை செய்யும் என் கணவர்’ என்றால் சொன்னதோடு சரி, மொத்தம் எத்தனை பேர் என்று தமிழ் கேட்பதில்லை.

லிஃப்ட் அண்ணனை எட்டு வருஷமாகத் தெரியும். இந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்ப்பவர், அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். மாசம் ஒருநாள் வந்து லிஃப்டை நிறுத்திவிட்டு, அது ஏறி இறங்குகிற அந்த உயரமான கிணற்றுக்குள் புகுந்துகொள்வார். வேலை முடிந்தால் எங்கள் அறையில் ஒரு டீ. அவர் மொபைல் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும், ஒரு கயிற்றால் பொத்தானோடு கட்டியிருப்பார். கன்றுக்குட்டியைக் கட்டிப்போட்ட மாதிரி இது என்ன அண்ணே என்று நான் கிண்டல் செய்ததற்கு, விழுந்துடக் கூடாதுல்ல என்றார். மனைவி இறந்துவிட்டார் என்றும், ஒரே பொண்ணு, அவளோடு இருக்கிறேன் என்றும் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்டதில்லை.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார். அவர் இருப்பது வீட்டு வாரியத்தின் வாடகைக் குடியிருப்பு. தனக்குப் பிறகு அந்த வீடு மகள் பெயரில் தொடர வேண்டும், இல்லாவிட்டால் அவள் தெருவில் நிற்பாள். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம், மொழிபெயர்ப்பாளர் முத்திரையோடு. அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘என்னோடு வசிக்கும் மகள் எனக்குப் பிறகு இந்த வீட்டில் குடியிருப்பாள்.’ அன்றைக்கென்று எங்கள் வீட்டுக்காரருக்குப் பல் வலி, டாக்டரிடம் போயிருந்தார். முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்து வாரியத்தின் பதிலை எடுத்துக்கொண்டு லிஃப்ட் அண்ணன் வந்தார். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். உங்களோடு வசிக்கும் மகள் என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள், உங்களோடு வசிக்காத மகளின் சம்மதக் கையெழுத்தையும் மூன்று வாரத்துக்குள் இணைத்து, கடிதத்தைப் புதிதாக அனுப்பவும்.

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

“அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

எனக்கு அந்தக் கேள்வி காதில் ஏறவே இல்லை. நான் என் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மை டாட்டர் ஹூ லிவ்ஸ் வித் மீ. கமா இல்லை. இருபது வருஷம் பிள்ளைகளின் காதைப் பிடித்துத் திருகிய பாடத்தில் நானே கோட்டை விட்டிருக்கிறேன்! தமிழில் கேட்டதை அப்படியே ஆங்கிலத்தில் இறக்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அழுகையே வந்தது. யானைக்கும் அடி சறுக்கும் என்று எங்கள் வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார். யானை யார் என்று முறைத்ததும் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கவலையே படாதீங்க, இது முழுக்க என் தப்பு, கமா இல்லாததால் உங்களுக்கு இன்னொரு பொண்ணு இருப்பதாக நினைத்துவிட்டார்கள், கமா போட்டு ஐந்து நிமிஷத்தில் தருகிறேன், என் தப்பென்று ஒரு விளக்கமும் வைக்கிறேன் என்று மடமடவென்று சொன்னேன். ரிலேட்டிவ் கிளாஸ் என்றால் என்னவென்றும் விளக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“ரிலேட்டிவ்னா சொந்தக்காரங்கன்னு நினைச்சேன்” என்றார். “கமா போட்டா ஒருத்திதான். போடலன்னா வேற ஒருத்தியும் இருக்கா. அவ்வளவுதானே?”

அவ்வளவுதான் என்றேன். போடுங்க என்றார். போட்டேன். நான் முத்திரை குத்துவதற்குள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம்தான் சொன்னார்.

மூத்தவள் ஒருத்தி இருக்கிறாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், அம்மாவுக்கு மூச்சுத் திணறிய அன்று, அவள்தான் வீட்டில் இருந்தாள். அப்பாவுக்குப் பதினோரு தடவை போன் அடித்திருக்கிறாள். அவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை இறக்கிக்கொண்டிருந்தார். போன் கீழே கருவிப் பைக்குள் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஊரான் பொண்டாட்டியை இறக்கத்தான் உங்களுக்கு நேரம் இருக்கு என்று எல்லார் முன்னாலும் மகள் கத்தினாள். எனக்கு இனிமேல் ஒரே பொண்ணுதான் என்று இவரும் கத்தினார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? அவள் போனவள் போனவள்தான்.

எட்டு வருஷமாக என் மேஜையில் டீ குடித்த மனுஷன், முழுப் பூசணிக்காயை இப்படிச் சோற்றில் மறைத்து வைத்திருக்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தெரிந்தபிறகு அந்தக் கமாவின் மேல் என் முத்திரை விழாது, வேண்டுமானால் வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு முத்திரை இல்லாத அந்தத் தாளோடு போய்விட்டார்.

இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் காலை, நான் கடையைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றார். தாள் மடித்து மடித்துக் கசங்கியிருந்தது. எடுத்து மேஜையில் வைத்து, விரல் நகத்தால் அந்தக் கமாவைத் தொட்டுக் காட்டினார்.

“ரெண்டு நாளா இதையேதாம்மா பாத்துட்டு இருந்தேன். அவ்வளவு பெரிய பொண்ணு. இத்தனூண்டு இருக்கு, அவளையே மறைச்சுடுது. எடுத்துடுங்க.”

எடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் இன்னும் நின்றார். முதல் கடிதத்தில் விட்டுப்போன மாதிரி இல்லாமல், வேண்டுமென்றே எடுத்தது என்று தெரிகிற மாதிரி எடுக்க முடியுமா என்று கேட்டார். இல்லாத ஒன்றை எப்படி அண்ணே காட்டுவது? இலக்கணத்தில் அதற்கு வழியில்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே மனசு கேட்கவில்லை.

மூத்தவளைக் கூப்பிட்டது இளையவள். அக்காவின் எண் இத்தனை வருஷமும் அவளிடம் இருந்திருக்கிறது, அப்பாவுக்குத் தெரியாமல் பேசிக்கொண்டும் இருந்திருக்கிறாள். சம்மதக் கையெழுத்தை என் முன்னால் போட வேண்டும் என்பதால், அடுத்த வாரம் ஒரு மத்தியானம் மூத்தவள் என் அறைக்கு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும், அப்பாவின் அதே அகன்ற நெற்றி. லிஃப்ட் ஓடவில்லை, படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அன்று மாசாந்திர வேலை நாளே இல்லை. ஆனாலும் லிஃப்ட் அண்ணன் காலையிலேயே வந்து, எனக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் உள்ளே புகுந்துகொண்டிருந்தார். எங்கே இருக்கிறார் என்று அவளுக்கு நான் சொல்லவில்லை.

கையெழுத்துப் போட மட்டும்தான் வந்தேன், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். கடிதக் கோப்பை நீட்டினேன். வங்கியில் வேலை பார்க்கிறவளாம், ஒரு வரி விடாமல் படித்தாள். கோப்பில் மூன்று தாளும் இருந்தன. கசங்கியதை எங்கள் வீட்டுக்காரர் எடுத்து வெளியே போடச் சொல்லியிருந்தார், நான்தான் மறந்திருந்தேன். அவள் மூன்றையும் வரிசையாகப் பரப்பினாள்.

“மூணும் ஒரே கடிதம்தானே? நடுவுல இருக்கறதுல மட்டும் கமா இருக்கு. எதுங்க தப்பு?”

ஜெராக்ஸ் மிஷின் சத்தம் நின்றது. எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு தாளாகத் தொட்டுக் காட்டிச் சொன்னேன்.

“முதல் தாள்ல கமா இல்லாதது என் தப்பும்மா. ரெண்டாவதுல இருக்கறது உங்கப்பா தப்பு. அந்தத் தாளைத்தான் ரெண்டு நாள் கையில வெச்சுட்டு இருந்தார். மூணாவதுல எடுக்கச் சொன்னதும் அவர்தான். வேணும்னே எடுத்ததுன்னு தெரியற மாதிரி எடுங்கன்னார். எனக்கு அப்படி எடுக்கத் தெரியல.”

அவள் கசங்கிய தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடிப்புகளை விரலால் நீவி நீவி விட்டாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். விண்ணப்பதாரருக்கு உறவு என்ற கட்டத்தில் ‘மகள்’ என்று எழுதினாள். எழுதி முடித்தும் எழுந்திருக்கவில்லை. பஸ் போயிருக்கும், எங்கள் வீட்டுக்காரர் அவளுக்கும் ஒரு டீ ஊற்றி வைத்தார். அவள் அதைத் தொடாமல் கைப்பையைத் திறந்து மொபைலை எடுத்தாள். எண்ணைத் தேடவில்லை, மனசிலிருந்தே அழுத்தினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், லிஃப்ட் கிணற்றுக்குள், எங்கேயோ மேலே ஒரு போன் மணி அடித்தது. அவள் திடுக்கிட்டுச் சுவரைப் பார்த்தாள். இரண்டாவது மணி அடிக்கவில்லை. அதற்குள் எடுத்துவிட்டார்.