நிரஞ்சனியின் பெட்டரியும் ஒரு போன் பேச்சும்

பலாபத்வலையில் எங்கள் ஒழுங்கையில் பதினோரு வீடுகள். நிரஞ்சனி வீட்டுப் பெட்டரி எரிந்த கதை பன்னிரண்டு விதமாக உலவுகிறது, ஏனென்றால் என் வீட்டுக்காரர் அப்துல் ஸமத் மட்டும் அதை இரண்டு விதமாகச் சொல்வார். சரியான கதை என்னிடம்தான் இருக்கிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் தகர வேலி, அந்த வேலியில் ஓர் ஓட்டை. ஓட்டையை நான் போடவில்லை. அடைக்கவுமில்லை.

நிரஞ்சனி மாத்தளை டவுனில் பத்திக் சேலைகளுக்கு மெழுகு தீட்டுகிறவள். பெற்றோல் விலையைத் திட்டித் திட்டி அலுத்துப்போய், போன வருடம் ஒரு இலெக்ட்ரிக் பைக் வாங்கினாள். சத்தமே இல்லாமல் வருவாள், சத்தமே இல்லாமல் போவாள். ஒழுங்கையில் யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதைக் காதாலேயே அறிந்து வைத்திருக்கும் எனக்கு அது பெரிய அநியாயம்.

அன்று ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி. பெட்டரியைக் கழற்றி முன் ஹோலில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு அவள் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மீன் வாசத்தோடு இன்னொரு வாசமும் வந்தது, நெயில் பொலிஷைச் சட்டியில் ஊற்றிச் சூடாக்கினது போல. இந்த வேளையில் யாருக்கு அலங்காரம் என்று ஓட்டைக்குப் போனேன். ஹோலில் வெள்ளைப் புகை சீறிக்கொண்டிருந்தது.

"வெளிய ஓடு புள்ள!" என்று கத்தினேன். அவள் ஓடவில்லை. வீட்டைக் காப்பாற்றுகிறேன் என்று பெட்டரியைக் கையால் தூக்கி முற்றத்தில் வீசப் போனாள். வாசற்படி தாண்டியதும் அது கையிலேயே வெடித்துத் தீப்பிடித்தது. அப்துல் ஸமத் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தார், பிறகு மதில் கட்ட வைத்திருந்த மணலை அள்ளிக் கொட்டினார். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய வலது கை உள்ளங்கையும் நான்கு விரல்களும் வெந்துபோயின. மெழுகுப் பேனா பிடிக்கிற கை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஊரே பார்க்க வந்தது. நோயாளியைப் பார்க்கப் போவதற்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. வருகிறவர் மாரி பிஸ்கட்டை நீட்டி "இப்ப எப்படி?" என்று கேட்க வேண்டும். படுத்திருப்பவர் தலை தனியாகக் கிடந்தாலும் "ஒன்னுமில்ல" என்று சொல்ல வேண்டும். உடனே வந்தவர், அதைவிடப் பயங்கரமாக வேறொருவருக்கு நடந்ததைச் சொல்லி ஆறுதல்படுத்த வேண்டும். நானே என் மச்சியின் கால் கதையை விரல் விரலாகச் சொல்லி ஆறுதல்படுத்தினேன்.

பைக் விற்ற கடை முதலாளி மகேஸ்வரன் முதலில் போனில் சுகம் விசாரித்தார். இரண்டு நாள் கழித்து, இஸ்திரி கலையாத சேர்ட்டும் ஒரு பை அப்பிளுமாக நேரிலேயே வந்தார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க நான் அங்கே இருந்தேன். வீடு என்னுடையதல்ல, அது வேறு விஷயம்.

"தங்கச்சி, அந்த எரிஞ்ச குப்பை எதுக்கு வீட்டுல? தாங்க, கம்பெனிக்குக் காட்டணும்."

"கம்பெனிக்காரங்கள இங்க வரச் சொல்லுங்க அண்ணே. மணல்ல பொதைச்சு வச்சிருக்கோம், எங்கயும் ஓடாது," என்றாள் நிரஞ்சனி.

அவர் ஒரு கடதாசியை எடுத்தார். புதுப் பெட்டரி இலவசம், பதிலுக்குக் கடை மேல் இனி எந்தக் காலத்திலும் முறைப்பாடு இல்லை என்று எழுதியிருந்தது.

"சும்மா ஒரு கையெழுத்துதான்."

"எந்தக் கையால முதலாளி?" என்று கேட்டேன். அப்பிளை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே டவுன் முழுக்க வேறு கதை. அவள் கண்ட கண்ட சார்ஜரைப் போட்டாளாம், பெட்டரி அதனால்தான் எரிந்ததாம். நிரஞ்சனி மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்தாள்.

சபை சனிக்கிழமை காலையில் பள்ளிக்கூடத்தில் கூடியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரைகள். முதலாளி முழங்கால் நாடியில் இடிக்க உட்கார்ந்திருந்தார். மூன்று மத்தியஸ்தர்களில் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர் ஜமால்தீன். சார்ஜர் கதையைச் சொல்லி முடித்துவிட்டு மகேஸ்வரன் போனை மேசையில் வைத்தார்.

"சேர், கையில பெரிய காயம்னு சொல்றாங்க. இத கேளுங்க. என் போன்ல எல்லாப் பேச்சும் தானா பதிவாகும்."

போனில் அவர் குரல்: "இப்ப எப்படி தங்கச்சி?"

நிரஞ்சனியின் குரல்: "சுகம் அண்ணே."

"கை?"

"அது ஒன்னுமில்ல அண்ணே. சும்மா கொஞ்சம்."

டக்கென்று நிறுத்தினார். "கேட்டீங்கதானே? அவங்க வாயாலேயே!"

நிரஞ்சனியின் முகம் செத்துவிட்டது. மரியாதைக்குச் சொன்ன ஒரு சொல், அவள் கைக்கே எதிர்ச் சாட்சியாகப் போய் நின்றது. எனக்கோ வேறு தவிப்பு. பாதியில் நின்ற பேச்சு எனக்கு ஆகாது.

"மிச்சத்தையும் போடுங்க," என்றேன்.

"மிச்சம் சும்மா பேச்சு," என்றார் மகேஸ்வரன்.

"நீங்க யாரு?" என்று ஜமால்தீன் சேர் கேட்டார்.

"பக்கத்து வீடு சேர்." அதைவிடப் பெரிய பதவி எனக்குத் தெரியாது.

"சரி, முழுசா போடுங்க," என்றார் அவர்.

போனில் மகேஸ்வரனின் குரல் முறைப்படி ஆறுதல் சொல்லத் தொடங்கியது: "மனச விட்றாதீங்க தங்கச்சி. ஒங்களுக்கு மட்டுமா? அந்த லொட்ல ஒன்னா வந்த பெட்டரியெல்லாமே அப்படி. கலேவெலயில ஒருத்தருக்குக் கதவே சாம்பல். சீகிரியாவுல றஹீமுக்குப் பைக்கோட போச்சு. கடவுள் புண்ணியம், ஒங்களுக்குக் கையோட நின்னுச்சு."

"அவங்களும் இதே சார்ஜரா அண்ணே?"

"ஆமா, எல்லாம் நம்ம கடையில குடுத்ததுதான்."

முதலாளியின் கை போனைத் தேடியது, ஜமால்தீன் சேர் அதை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மகேஸ்வரனுக்கு எங்கிருந்தோ தாராளம் வந்தது. வேலை இழந்த நாட்களுக்குக் கொடுக்கிறேன், கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவைத் தருகிறேன், இன்றோடு எல்லாம் முடிந்தது என்று எழுதிவிடுவோம் என்றார். நான் நிரஞ்சனியைப் பார்த்தேன். சம்மதித்துவிடுவாள் என்றே நினைத்தேன். அவள் தலையாட்டினாள், குறுக்காக.

"வெரல் மடங்குமா மடங்காதான்னு டொக்டருக்கே இன்னும் தெரியாது அண்ணே. முடிஞ்சுதுன்னு நான் எப்படி எழுதுறது? சேர், இணங்கலன்னு சான்றிதழ் தாங்க. திங்கட்கிழமை லோயர்கிட்ட போறேன்."

"அது உங்க உரிமை மகள்," என்று ஜமால்தீன் சேர் எழுதத் தொடங்கினார்.

அவள் எழும்பவில்லை. "அந்த லொட்ல மிச்சம் எத்தனை பைக் வித்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு... பதினொன்னு இருக்கும்."

"போன் போடுங்க. இங்க இருந்தே."

அவர் சபையைப் பார்த்தார். சபை போனை அவர் பக்கம் தள்ளியது. முதல் நம்பர் உக்குவெல பவாஸ். ஸ்பீக்கரில் கோழிச் சத்தமும் ஒரு பிள்ளையின் அழுகையும் கேட்டன.

"பவாஸ், ஒங்க பைக் பெட்டரி இப்ப எங்க?"

"சார்ஜ்ல முதலாளி. ஏன்?"

நிரஞ்சனி போனுக்கு மேல் குனிந்தாள். "புகை இருக்கா அண்ணே? இருந்தா தொடாதீங்க, எல்லாரும் வெளிய போங்க."

"புகை ஒன்னும் இல்ல."

"அப்ப சுவிட்ச ஓஃப் பண்ணுங்க. இனிமே அத சார்ஜ்ல போடவே வேணாம்."

செருப்புச் சத்தம் ஓடியது. சுவிட்ச் விழுகிற சத்தம் வகுப்பறைக்கே கேட்டது.

"ஓஃப் பண்ணிட்டேன். நீங்க யாரு பேசுறது?" என்றான் பவாஸ்.

"அந்த லொட்ல எரிஞ்ச மூணாவது ஆள்," என்றாள் நிரஞ்சனி. பிறகு மகேஸ்வரனிடம், "அடுத்த நம்பர போடுங்க அண்ணே," என்றாள்.