வெள்ளையில் எழுதிய மழை

திரேஸ்புரத்தில் மீனவர் சங்கக் கட்டடத்து வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. தினமும் காலை ஒன்பது மணிக்குத் துறைமுகத்திலிருந்து போனில் வானிலை சொல்வார்கள். குமாஸ்தா ஜீவமணி அதைத் தாளில் எழுதிக்கொண்டு, ஒருமுறை திருப்பி வாசித்துச் சரிபார்த்து, பிறகு பலகையில் எழுதுவான். அங்கே எழுத்து வாசிக்கிறவர்கள் குறைவு. நிறத்தைத்தான் பார்ப்பார்கள். மழை வெள்ளையில் இருந்தால் வள்ளம் இறங்கும், சிவப்பில் இருந்தால் இறங்காது. யாரும் உத்தரவு போடவில்லை, தானாக வந்த பழக்கம்.

எழுபத்து நான்காம் வருஷம் மே மாதம் வெயில் ஆளைத் தின்றது. ‘மாலையில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை’ என்று மூன்று நாள் தொடர்ந்து போன் வந்தது. மூன்று நாளும் அவன் சிவப்பில் எழுதினான். வள்ளங்கள் கரையிலேயே காய்ந்தன. ஒரு சொட்டு விழவில்லை.

“ஏலே ஜீவமணி,” என்றார் பாஸ்கல். அவனுக்கு எட்டு வீடு தள்ளியிருப்பவர், சொந்த வள்ளக்காரர். “அந்த ஓரிரு இடம் எங்கனல இருக்கு? மூணு நாளா தேடுதேன்.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜீவமணியும் சிரித்து வைத்தான்.

அன்று இரவு வடக்குத் தெருவில் அடுப்புப் பொறி பறந்து ஏழு ஓலைக் குடிசைகள் எரிந்தன. மறுநாள் காலை சங்கச் செயலாளர் தேவபிரசாதம், “காலைல பத்து மணிக்கு மேல யாரும் அடுப்பு பத்தவைக்கக் கூடாதுன்னு பெருசா, செவப்பா எழுது” என்று சொல்லிவிட்டுப் போனார். இருந்த சிவப்புச் சாக்பீஸ் துண்டு அந்த வரியோடு தீர்ந்தது. அன்றும் போனில் வந்த அதே மழை வரி பாக்கி இருந்தது. முக்குக் கடைக்குப் போய்வர ஐந்து நிமிஷம் ஆகும். ஜீவமணி செருப்பைக்கூட மாட்டினான். இன்றும் சிவப்பில் எழுதி, இன்றும் பெய்யாமல் போனால்? செருப்பைக் கழற்றிவிட்டு வெள்ளையில் எழுதினான்.

பதினோரு மணிக்கு பாஸ்கல் வலையைச் சுமந்துகொண்டு வந்தார்.

“என்னல, போர்டு செவந்து கெடக்கு? கடலுக்கா?”

“இல்ல அண்ணாச்சி. தீக்கு. அடுப்பு பத்தவைக்கக் கூடாதுன்னு.”

“அப்ப எம் பொண்டாட்டிக்குத்தான் தடை. நான் தப்பிச்சேன்.”

கீழே இருந்த வெள்ளை வரியை அவர் பார்த்தார். ஜீவமணி வாயைத் திறந்தான். அதற்குள் அவர் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். அண்ணாச்சி என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பார்.

நாலரை மணிக்கு மேற்கே கறுத்தது. முதலில் மணலோடு காற்று, பிறகு இடி, பிறகு கண் தெரியாத மழை. அரை மணி நேரத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் ஓடியது. பலகையில் ஓர் எழுத்து மிஞ்சவில்லை.

போன நான்கு வள்ளங்களில் மூன்று இருட்டுவதற்குள் கரை சேர்ந்தன. பாஸ்கலின் வள்ளத்தில் போன இரண்டு பேரை மறுநாள் காலையில்தான் கொண்டுவந்தார்கள். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்களாம். பாஸ்கல் அவர்களோடு இல்லை.

தேவபிரசாதம் அவனைத் தனியே அழைத்தார். “மழைன்னு எழுதினேல்லா?”

“எழுதினேன் சார்.”

“அப்ப நம்ம மேல தப்பு இல்ல. அதுக்கு மேல வாயத் திறக்காத.”

மதியம் பாஸ்கலின் மனைவி மரியசெல்வி சங்கத்துக்கு வந்தாள். சேலை ஓரம் சேறாகியிருந்தது. அழுகை முடிந்த முகம்.

“நேத்து அடுப்பு பத்தவைக்கலப்பா. போர்ட பாத்துட்டு வந்து செவப்பு போட்டிருக்குன்னாவ. பழைய சோத்தத்தான் குடிச்சிட்டுப் போனாவ,” என்றாள். “கடலுக்கு நீ ஒண்ணும் எழுதலியா?”

தேவபிரசாதம் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதினேன் அக்கா. வெள்ளையில எழுதினேன். அண்ணாச்சி வந்து நின்னாவ. நான் சொல்லல.”

அவள் அவனையே பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா,” என்றாள். “நீ சொன்னா கேட்டிருப்பாவ.”

பிறகு திரும்பி, தேங்கிய தண்ணீரில் கால் வைத்துக் கரைப் பக்கம் நடந்தாள். உள்ளே போன் அடித்தது. ஜீவமணி எடுக்கவில்லை. அவளுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளியே நடந்தான். கூட நிற்க உரிமை உண்டா என்று தெரியவில்லை.