கானில் ஓடாத தண்ணீர்

கிட்ட வந்து உக்காருங்க கண்ணுகளா. தரை ஈரம், சாக்கை இழுத்துப் போட்டுக்குங்க. சோலைமலை வீட்டை விட்ட கதையைச் சொல்றேன்.

விடாமல் மூன்று நாள் மழை. சோலைமலை அடுப்படிச் சுவருக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்தான். பூண்டுலோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில், ஆறாம் நம்பர் மலைக்கு நேர் அடியில் இருந்தது அவர்கள் லயம்; ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களின் வரிசை. காலையில் அடைக்கும் வெடிப்பு, சாயங்காலம் ஒரு சாண் தள்ளித் திறந்திருக்கும். அந்த அடுப்படியை அவனே கட்டினான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, ஆற்று மணலைத் தலையில் சுமந்து, இரண்டு வருடம் கட்டினான்.

வாசல் கதவில் சிவப்புத் தாள். சிங்களத்தில் இருந்ததை கிராம சேவகர் ஜி.எஸ். ஐயா வாயால் சொல்லிவிட்டுப் போனார்: மண் சரியும், உடனே வெளியேறுங்கள். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா வேறு சொன்னார்: "போறதுன்னா போ. ஆனா காம்பராவ விட்டுட்டு, வேற காம்பரா கேட்டு வரக்கூடாது."

யார் பேச்சைக் கேட்பது? சோலைமலைக்குத் தலை சுற்றியது. பூசுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"ஏங்க, பூச்சுக் கரண்டிய வைங்க," என்றாள் மனைவி ஜீவராணி. "பின்னாடி மழைத்தண்ணி ஓடுற கான் சத்தம் கேக்கல."

"இந்த மழையில எப்படிப் புள்ள கேக்கும்?"

"முப்பது வருசமா மழையிலதானே கேட்டேன்! ரொம்பி வழியணும். ஒரு சொட்டு ஓடல. தண்ணி எங்க போகுது?"

"கண்டாக்கையாகிட்டப் போயி கேளு."

"அவரு வீட்டு அடுப்படியா இது?"

சிரித்துக்கொண்டேதான் பின்னால் போனான். கானில் சேறும் சருகும்தான் கிடந்தன, தண்ணீர் இல்லை. உள்ளே வந்தான். பிறகு மண்டியிட்டு, தான் மெழுகிய பச்சைத் தரையில் காதை வைத்தான்.

அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எத்தன நாளா சொல்ற?"

"முந்தாநாள்லேருந்து."

"சாமி படத்த எடு. அரிசிய நான் தூக்குறேன்."

கரண்டியைக் கழுவினான். பையில் போடப் போனவன், என்ன நினைத்தானோ, ஜன்னலிலேயே வைத்துவிட்டான்.

பள்ளிக்கூட மண்டபத்தில் எட்டு நாள் போயிற்று. மண்ணும் சரியவில்லை, வேறு காம்பராவும் கிடைக்கவில்லை. விட்டது சரியா தப்பா என்று அவன் ஜீவராணியைக் கேட்டான். அவளுக்கும் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கண்டாக்கையா பெயர் வாசித்தார். "ஜீவராணி, ஆறாம் நம்பர் மலை."

"ஐயா, அங்கதானுங்க மண்ணு சரியும்னு..." சோலைமலை இழுத்தான்.

"அது குடியிருக்கிறவங்களுக்கு ஒட்டுன தாளு. கொழுந்துக்கு இல்ல."

ஜீவராணி கூடையை மாட்டிக்கொண்டு ஏறினாள். நடுமலையில் நின்றால், கீழே பூட்டிய கதவில் அந்தத் தாள் சிவப்பாய்த் தெரிந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்காலை மண்ணில் பதித்துப் பதித்துக் கொழுந்து பறித்தாள். எதிர்மலையில், வெட்டுக்கு வெட்டு கவ்வாத்துக் கத்தியை நிறுத்தி, சோலைமலை இந்தப் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தான்.

உங்க வீட்டுக் கான்ல தண்ணி சத்தமா ஓடட்டும், கண்ணுகளா. அதைக் கேக்குற காது வீட்டுக்கு ஒண்ணாவது இருக்கட்டும்.