மேல் கட்டத்து நீலம்

ஓடையைச் சுவரில் வரைவதென்று தெருக்காரர்கள் முடிவு செய்தபோது நாற்றுக்காரி ஒரே நிபந்தனைதான் போட்டாள்: அண்ணன் பக்கத்தில் நிற்க மாட்டேன். அவருடைய சாயப்பட்டறைக் கழிவு ஓடையில் இறங்கி, கீழே இருந்த அவள் நாற்றுப் பண்ணையை மூன்று முறை கருக்கியிருந்தது. தெருக்காரர்களிடம் முறையிடப் போனால், "அண்ணன் தங்கச்சி சண்டைக்கு எங்களை ஏம்மா இழுக்குறே?" என்று அடுத்த வீட்டுத் தையல்காரர் அவள் வாயை அடைத்துவிடுவார். பட்டறைத் துணியில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

சுவரின் உச்சியில் குன்று, அடியில் கடல். ஓடை எந்த வீட்டுக்குப் பின்னால் போகிறதோ, அந்தத் துண்டை அந்த வீட்டார்தான் வரைய வேண்டும். அதுவும் அந்த இடத்துச் சேற்றைக் குழைத்து. அண்ணனின் கட்டம் அவள் தலைக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. அவளுக்குக் கீழே தையல்காரர்.

மேலிருந்துதான் வரைந்து வர வேண்டும் என்று டிராயிங் டீச்சர் படித்துப் படித்துச் சொன்னார். பெரிய மனிதர் யார் பேச்சைக் கேட்பார்? எல்லோரும் முடித்த பிறகு அண்ணன் ஒரு வாளியோடு ஏணியில் ஏறினார். வாளியில் சேறு இல்லை, பட்டறை நீலம். தன் பங்குச் சேற்றின் நிறம் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான். டீச்சர் கேட்டதற்கு, "எங்க சாயம் நூறு தடவை துவைச்சாலும் போகாது" என்று பெருமை பேசினார்.

தண்ணீராய்க் கரைத்த சாயம் பூசியதுமே வழிந்தது. அவள் வரைந்திருந்த நாற்றுகள் மேல் இறங்கியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் துணி இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் தன் கட்டத்தோடு நிறுத்திவிடலாம்.

"துடைச்சு விடேன், மரம் மாதிரி நிக்கிறே" என்றார் அண்ணன். பல வருஷம் கழித்து அவளிடம் பேசிய முதல் பேச்சு இது.

அவள் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு விலகி நின்றாள்.

நீலம் தையல்காரரின் கட்டத்துக்குள் நுழைந்தது. அவர் பாய்ந்து வந்து சட்டை முனையால் தேய்த்தார். போகவில்லை, இன்னும் பரவியது. கீழ்க் கட்டத்துக்காரர்கள் துணியும் தண்ணீருமாக ஓடி வந்தார்கள். அதுவரை 'ஐயா' போட்டுப் பேசிய தையல்காரர் ஏணியைப் பிடித்து உலுக்கினார்.

"யோவ், இறங்குய்யா. உன் சாயத்தை எங்க பக்கம் விடாதே."

நாற்றுக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. உயிருள்ள செடி கருகியபோது இவர்களுக்கு வராத கோபம், ஒரு சுவருக்கு வந்துவிட்டது.

"அண்ணன் தங்கச்சி சண்டைதானே," என்றாள் தையல்காரரிடம். "நீங்க ஏன் நடுவுல வர்றீங்க?"