பதினெட்டாவது வாக்கியம்

1

"கல்லு தூங்கப் போயிடுச்சுன்னு யாரு சொன்னது?"

"பூசணி."

"உன்கிட்ட வந்து சொன்னாளா?"

"என்கிட்ட எதுக்கு வந்து சொல்றா? கிளாஸ்ல சொன்னா. கடிதத்துல அப்படித்தானே இருக்கு?"

"அந்தக் கடிதத்தை எழுதினது யாருடி?"

"நான்தான்."

"அப்போ?"

திங்கட்கிழமை காலை ஏழு மணி. என் அக்கா ஒற்றைக் கையால் முடியைக் கட்ட முயன்று, தோற்று, ரப்பர் வளையத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு என்னை முறைத்தாள். அவள் மழலையர் வகுப்பு ஆசிரியை. போன வாரம் வகுப்பில் சிந்திக் கிடந்த தண்ணீரில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் பெற்றோருக்கு அவள் அனுப்பும் கடிதத்தை இந்த ஒருமுறை நான் எழுதினேன். அவள் வலி மாத்திரை போட்டுத் தூங்கிவிட்டதால் அனுப்பியதும் நானே.

"பூசணி பேச மாட்டா," என்றாள் அக்கா. "நாலரை வயசு. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல. இங்க மட்டுமில்ல, வீட்டுலயும்தான். காது நல்லாக் கேக்குது, சொன்னதெல்லாம் புரியுது. பேச்சுதான் வரல. இப்போ அவங்க அம்மா போன் பண்ணி அழறாங்க."

"கோவமா?"

"கோவமா இருந்தா பரவாயில்லையே. சந்தோஷத்துல அழறாங்கடி."

இந்தக் கதை பிறந்தது இங்கேதான். ஒரு பொய்யிலிருந்து. எல்லாக் கதைகளும் அங்கிருந்துதானே வருகின்றன என்று நீங்கள் சொல்லலாம். நானும் அன்று காலை பல் துலக்கும்போது அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உதவவில்லை.

2

மூன்று தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன். அவற்றைத் தூக்கி எறிய மனம் வரவில்லை.

முதலாவது: 'பேசாத குழந்தைகள் மட்டுமே வாழ்ந்த ஒரு நகரத்தில், ஒரு மாலை, ஆற்றிலிருந்து ஒரு கல் எழுந்து வந்து' (நிறுத்திவிட்டேன். நான் விரும்பிப் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் நகரங்கள் இப்படி இருக்கும். நானோ லிஃப்ட் பாதி நாள் ஓடாத ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் இருக்கிறேன். இங்கே கல் எழுந்து வந்தால் படியேற வேண்டும்.)

இரண்டாவது: 'அக்காவின் கை சுளுக்கிக்கொண்டபோது அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யாருக்கும் தெரியாது.' (இப்படித் தொடங்குகிறவர்களை நம்பாதீர்கள். எழுதுகிறவருக்குத் தெரியும்.)

மூன்றாவது: 'நான் தெரிந்தே'

மூன்றாவதை முடிக்கவில்லை. பிறகு அதற்கு வருகிறேன்.

அதற்குள் பூசணி என்பது யார் என்று சொல்லிவிடுகிறேன். அக்காவின் வகுப்பில் யாருக்கும் இன்னும் படிக்கத் தெரியாது. அதனால் பை மாட்டும் கொக்கிக்கு மேலே ஆளுக்கொரு படம் ஒட்டியிருக்கும்: குடை, ஏணி, நத்தை, எலுமிச்சை, ரயில், பூசணி. எங்கள் வீட்டில் புழங்கியதெல்லாம் இந்தப் பெயர்கள்தான். "இன்னிக்கு ரயில் குடையைக் கடிச்சு வச்சிட்டான்," என்று அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்வாள். எனக்குப் புரியும். புரிவதோடு, நான் கையில் வைத்திருக்கும் நாவலை விட அது நன்றாக இருப்பதாகவும் தோன்றும்.

கடிதத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு: ஒவ்வொரு குழந்தையும் ஒரு வாக்கியத்திலாவது வர வேண்டும். முன்பு ஓர் அப்பா, ஆறு வாரமாகத் தன் மகனைக் காணோம் என்று கடிதங்களை அடுக்கிக் கொண்டுவந்து தலைமை ஆசிரியையின் மேசையில் போட்டாராம். அன்றிலிருந்து இந்த விதி. பதினெட்டுக் குழந்தைகள், பதினெட்டு வாக்கியங்கள்.

3

அக்கா வகுப்பில் பார்ப்பதையெல்லாம் துண்டுத் தாளில் குறித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொள்வாள். வெள்ளியன்று அந்தப் பையை என் மடியில் கவிழ்த்தாள். பசை ஒட்டிய தாள்கள், ஈரத்தில் மை கலைந்த தாள்கள், புதன்கிழமைக்குப் பிறகு இடது கையால் கிறுக்கியவை. அந்த வகுப்பை நான் அதுவரை பார்த்ததே இல்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க, தண்ணீருக்கு அடியில் தெரிவதுபோல ஓர் அறை மெல்லத் தெரிந்தது.

திங்களன்று நிழல் வரைந்தார்கள். காலையில் முற்றத்தில் அவரவர் நிழலைச் சுற்றி சாக்பீஸால் கோடு. மதியம் போய்ப் பார்த்தால் நிழல் கோட்டை விட்டு வெளியே போயிருந்தது. ஏணி மட்டும் தன் கோட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு, அது திரும்பி வரும் என்று காத்திருந்தான்.

செவ்வாயன்று ஈரப் பஞ்சில் பயறு போட்டார்கள். எலுமிச்சை தன் டம்ளருக்குக் கைக்குட்டை போர்த்திவிட்டாள். உள்ளே இருப்பவருக்குக் குளிருமாம்.

புதன்: மிதக்குமா, மூழ்குமா. ஒரு தொட்டி நிறையத் தண்ணீர், அதில் போட இலை, கரண்டி, சீப்பு, கார்க், கல். ரயில் தன் இடது ஷூவைக் கழற்றிப் போட்டான், மிதந்தது. வலது ஷூவைப் போட்டான், மூழ்கியது. இனிமேல் இரண்டும் ஒன்றாக நடக்காது என்று அழுதான். (அக்கா விழுந்தது அந்த ஷூவை எடுக்கப் போய்த்தான்.)

வியாழனன்று நிறம் கலந்தார்கள். நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் சேர்ந்து கடைசியில் எல்லாக் கிண்ணங்களிலும் ஒரே சேற்று நிறம். குடை அந்த நிறத்துக்கு 'வியாழக்கிழமை' என்று பெயர் வைத்தாள்.

வெள்ளியன்று பொத்தான் எண்ணினார்கள். நத்தை மூன்றிலிருந்துதான் தொடங்குவான். "ஒண்ணும் ரெண்டும்தான் எனக்குத் தெரியுமே!"

இப்படிப் பதினேழு. பதினெட்டாவது தாளில் மூன்றே சொற்கள் இருந்தன:

பூசணி. புதன். கல்லு.

மற்றதெல்லாம் கரைந்துவிட்டதோ, அக்கா எழுதவே இல்லையோ. அடுத்த அறையில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியிருக்கலாம். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஒரு கல் தண்ணீருக்குள் இறங்குவதைப் பார்த்தேன். அவசரமே இல்லாமல், தலையணையைத் தேடிப் போவதுபோல. பிறகு எழுதினேன்: '"கல்லு தூங்கப் போயிடுச்சு," என்றாள் பூசணி.'

எழுதி முடித்ததும் எனக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதை மறைக்க மாட்டேன்.

*

* மூன்றாவது தொடக்கத்துக்கு வருகிறேன். அதற்குப் பதிலாக முதலில் 'பூசணி பேசாதவள் என்று எனக்குத் தெரியாது' என்று எழுதி வைத்திருந்தேன். அது எனக்கு வசதியான வாக்கியம். ஆனால் ஒன்று நினைவுக்கு வருகிறது: ஒரு மாலை அக்கா துணி மடித்துக்கொண்டே ஒரு பிள்ளையைப் பற்றி நெடுநேரம் சொன்னாள். நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் "ம்" கொட்டினேன். என்ன சொன்னாள் என்று நினைவில்லை. அந்தப் புத்தகத்தின் அந்தப் பக்கம் வரிக்கு வரி நினைவிருக்கிறது.

4

பூசணியின் அம்மா ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். நாள் முழுக்கக் கண்ணாடியில் இருக்கும் சிறு துளை வழியாக ஊரார் குரலையெல்லாம் கேட்பதுதான் வேலை. வீட்டுக்குப் போனால் ஒரு குரலுக்காகக் காத்திருப்பது. (இந்த எதிர்நிலை ரொம்பவும் கச்சிதமாக இருக்கிறது, நானாக இருந்தால் இப்படி ஒரு வேலையை அவருக்குக் கொடுத்திருக்க மாட்டேன். என்ன செய்ய, அவர் வேலையே அதுதான்.)

"இங்க பாரு," என்றாள் அக்கா. "பேச்சுப் பயிற்சி குடுக்கற டாக்டர்கிட்ட நாலு மாசம் காத்திருந்து நேரம் வாங்கியிருக்காங்க. நாளை மறுநாள். 'இனிமே எதுக்கு டீச்சர், வேற பிள்ளைக்குப் போகட்டும், சாயங்காலம் வேண்டாம்னு சொல்லிடறேன்'ங்கறாங்க. விட்டாங்கன்னா அடுத்த நேரம் எப்போ கிடைக்குமோ."

"ஐயோ. உடனே போன் பண்ணு."

"இந்நேரம் டியூட்டில ஏறியிருப்பாங்க, அங்க போனை வாங்கி அலமாரில பூட்டிடுவாங்க. நாலு மணிக்குப் பிள்ளையைக் கூப்பிட வருவாங்க. நீ வர்ற. நீயே சொல்ற."

"நீ சொல்லேன்க்கா. நீதானே டீச்சர்."

"நல்லா இருக்கே! எழுதறப்போ நீ, திட்டு வாங்கறப்போ நானா? வந்து தலையைக் கட்டிவிடு முதல்ல."

கட்டிவிட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "உண்மையில என்ன நடந்துச்சுன்னு தெரியுமா? எல்லாரும் கல்லைத் தொட்டில போட்டாங்க. அவ மட்டும் விடவே இல்ல. கல்லைக் கைக்குள்ள மூடி, கையைத் தண்ணிக்குள்ள வச்சு அப்படியே நின்னா. மணி அடிச்சப்புறமும். விரலெல்லாம் சுருங்கிப் போச்சு."

நான் சீப்போடு நின்றேன். அந்தக் கல் மூழ்கவே இல்லை. தூங்கவும் போகவில்லை. நடந்தது நான் எழுதியதை விட எவ்வளவோ நன்றாக இருந்தது. அதற்கு ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

5

பேருந்தில் போகும்போது முடிவுகளை யோசித்தேன். வாசகரே, உங்களுக்கும் காட்டுகிறேன்.

முதல் முடிவு: நான் வகுப்புக்குள் நுழைகிறேன். பூசணி என்னைப் பார்த்து, நான் எழுதிய அதே வாக்கியத்தைச் சொல்கிறாள். அம்மா அழுகிறார், அக்கா அழுகிறாள், ரயில்கூட அழுகிறான். (மனதுக்குள் முழுவதையும் எழுதி, வாசித்து, அழித்தேன். ஏற்கெனவே ஒருமுறை அந்தப் பிள்ளையின் வாயில் சொல்லைத் திணித்தவள் நான்.)

இரண்டாம் முடிவு: அது பொய் என்று அம்மாவுக்கு முன்பே தெரியும். லேசாகச் சிரித்து, என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறார். (எல்லாம் தெரிந்த இத்தகைய அம்மாக்கள் கதைகளில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் இருந்தால் எழுதுகிறவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் அவர்களைப் படைக்கிறோமோ?)

மூன்றாம் முடிவு: பேருந்து நின்றுவிடுகிறது, நான் போய்ச் சேர்வதற்குள்

இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது.

6

நான் கற்பனை செய்த அறையை விட அது சிறியது, ஜன்னல்கள் பெரியவை. எல்லா நாற்காலிகளும் என் முழங்கால் உயரம். ஒன்றில் உட்கார்ந்தேன். முழங்கால்கள் தாடைக்கு வந்தன. ஜன்னல் விளிம்பில் பதினெட்டு டம்ளர்களில் பயறு முளைத்திருந்தது, ஒன்றில் கைக்குட்டையைத் தூக்கிக்கொண்டு.

"நீ யாரு?" என்றான் ஒருவன். ரயிலாகத்தான் இருக்க வேண்டும்.

"டீச்சரோட தங்கச்சி."

"உனக்கு என்ன படம்?"

"எனக்குப் படம் இல்லையே."

"அப்போ பையை எங்க மாட்டுவ?" என்று கவலைப்பட்டான். பிறகு அவனுடைய அப்பா வந்து அழைத்துப் போனார்.

ஒவ்வொரு கொக்கியாகக் காலியானது. பூசணிப் படத்துக்குக் கீழே மட்டும் ஒரு பச்சைப் பை தொங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து பொத்தான்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் முடி, ஒரு காலில் சாக்ஸ் இறங்கிக் கிடந்தது. நான் அவளுக்காக எழுதிய குரல் அந்த முகத்துக்குப் பொருந்துமா என்று பார்த்தேன். அப்படிப் பார்த்ததற்காக வெட்கப்பட்டேன்.

அவளுடைய அம்மா ஓடிவந்தார். சீருடையைக்கூட மாற்றவில்லை. கழுத்தில் அடையாள அட்டை திரும்பிக் கிடந்தது.

"சாரி டீச்சர், என் டியூட்டில கடைசி வண்டி லேட்டு. கை எப்படி இருக்கு? இவங்க யாரு, தங்கச்சியா? கண்ணு அப்படியே இருக்கே!" மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "இன்னிக்கு என்ன கூத்து தெரியுமா? கடிதத்தைக் கவுன்ட்டர்ல உள்பக்கமா ஒட்டி வச்சிருக்கேன். ஒரு பெரியவர் டிக்கெட் கேக்கறார், நான் கல்லு தூங்கப் போயிடுச்சுங்கறேன். அவர், 'ஏம்மா, நீ தூங்கலயே?'ங்கறார்!"

அக்கா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்தேன். நாற்காலியும் என்னோடு எழுந்து, கீழே விழுந்தது.

"அக்கா," என்றேன். டிக்கெட் கொடுப்பவரை அப்படித்தான் அழைக்க வந்தது. "அந்தக் கடிதத்தை இந்த வாரம் நான் எழுதினேன். அதை அவ சொல்லல. நானா எழுதினது."

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, யாரும் எடுக்க வராத பொருளைப் போல.

"அவ சொல்லலையா?"

"இல்ல."

"வேற ஏதாவது சொன்னாளா?"

"இல்ல."

"நாலரை வருஷம்," என்றார். "நீங்க எழுத எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு நிமிஷம் இருக்கும். மன்னிச்சுடுங்கக்கா."

அவர் கழுத்திலிருந்த அட்டையைத் திருப்பிச் சரியாகப் போட்டுக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடலையே?" என்று அக்கா கேட்டாள்.

"இல்ல டீச்சர். இப்போ சொல்லலாம்னு போனைக் கையில வச்சுக்கிட்டேதான் வந்தேன். புதன்கிழமை போறோம்."

அக்கா அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னாள். மூடிய கை, தண்ணீர், சுருங்கிய விரல்கள். அவர் குனிந்து மகளின் கையை எடுத்து, உள்ளங்கையைத் திறந்து பார்த்தார். அதில் ஒரு பொத்தான் இருந்தது. மூடிவிட்டார். பிறகு விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, தானே அதில் உட்கார்ந்துகொண்டார். இப்போது அவரும் மகளும் ஒரே உயரம்.

கிளம்புவார் என்று நினைத்தேன். (கதையும் இங்கே கிளம்பிவிடும் என்று நினைத்தேன். பச்சைப் பை, வாசல், மாலை வெயில் என்று ஒரு பத்தி தயாராக வைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டேன்.)

"உங்க மேல கோவம்தான்," என்றார் என்னிடம். "அது இருக்கட்டும். ஒண்ணு கேக்கறேன். எழுதறப்போ உங்க காதுல கேட்டிருக்குமே, அவ குரல்? கேக்காம எப்படி எழுதுவீங்க?"

நான் தலையசைத்தேன். கேட்டிருந்தது.

"அவ அழறது எனக்குத் தெரியும். சிரிக்கறது தெரியும். பேசினா மெல்லிசா இருக்குமா, கட்டையா இருக்குமான்னு தெரியாது. வண்டில போறப்போ வர்றப்போ யோசிச்சுப் பார்ப்பேன். ஒண்ணும் வராது."

பூசணி அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அக்காவும் பார்த்தாள்.

"உங்களுக்குக் கேட்டது எப்படியோ, அப்படியே ஒரு தடவ சொல்லிக் காட்டுங்களேன்," என்றார் அவர்.