அரசாங்கப் பெட்டி

செத்தவன் நெட்டை, அரசாங்கப் பெட்டி குட்டை. அன்றைக்கு நடந்த ரகளைக்கெல்லாம் மூலகாரணம் இதுதான்.

இஸ்திரிக்காரி பிணவறைக்கு வந்தது 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகத்தான். பஸ் நிலையத்தில் செத்துக் கிடந்தவன் அவள் புருஷனாக இருக்கலாம் என்று போலீஸ் எப்படியோ மோப்பம் பிடித்துக் கடைக்கே ஆள் அனுப்பியிருந்தது. சொந்தம் என்று யாராவது ஒப்புக்கொண்டால் பிணம் அவர்கள் வீட்டுக்குப் போகும். யாரும் இல்லையென்றால் அரசாங்கமே பெட்டி கொடுத்து, வண்டி கொடுத்து, குழியும் வெட்டிப் புதைத்துவிடும். அந்த ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவன் உயிரோடு இருந்தபோதே இப்படித் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லாமல் போயிற்றே என்பதுதான் வருத்தம்.

மகனிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அப்பா என்று உருகுவான். அவள் அடி வாங்கிய காலத்தில் அவன் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த பொடியன், அல்லது தூங்குவதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். புருஷன் ஓடிப்போன பிறகு, இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துத் தேய்த்தே ஒரு வீடு கட்டினாள். கீழே கடை. மாடியில் மகனும் மருமகளும். அவனுக்குப் பஜாரில் டயர் கடை. மாடியில் டிவி சத்தம்தான் சில நாள் காதைப் பிளக்கும். சின்னஞ்சிறுசுகள், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தாள். அந்த வீட்டில் யாரும் யார்மேலும் கை நீட்டியதில்லை. அவள் சம்பாத்தியம் என்று சொன்னால் அது ஒன்றுதான். அவன் பிணமாகக்கூட அந்த வாசலை மிதிக்கக் கூடாது.

அநாதைப் பிணங்களைப் பெட்டியில் வைத்து அனுப்பும் வேலைக்காரரை ஆஸ்பத்திரியில் எல்லாரும் பெட்டிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் துணியை விலக்கினார்.

"நிதானமா பாத்துச் சொல்லுங்கம்மா."

தாடி நரைத்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, ஆனால் அவனேதான். செத்தவனைப் பார்த்தும் ஓர் அடி பின்வாங்கினாள். இத்தனை வருஷம் கழித்தும் பயமா என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"தெரியாது."

"உறவு ஏதும் இல்லையே?"

"இல்ல. யாரோ."

"அப்ப நீங்க கிளம்பலாம்."

அவள் கிளம்பவில்லை. பெட்டிக்காரர் பெட்டியை மேசை பக்கம் இழுத்துப் போட்டார். பிணத்தின் நீளத்தைக் கண்ணால் அளந்து உச்சுக்கொட்டினார்.

"கால் வெளிய நிக்கும் போலிருக்கே. அரசாங்கம் எல்லாருக்கும் ஒரே அளவுல பெட்டி செஞ்சு அனுப்புது, மனுசங்க அந்த அளவுல பொறக்கறதில்ல. ஐஸ்ல கிடந்து விறைச்சுப்போச்சு, மடங்காது. முட்டிய உடைச்சாத்தான் மூடி போட முடியும்."

மேசைக்கடியிலிருந்து கொட்டாப்புளியை எடுத்தார். தச்சர்கள் உளியை அடிக்கிற மரச் சுத்தியல், தலை மட்டும் ஒரு தேங்காய் கனம்.

இஸ்திரிக்காரி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையைவிடக் காலால் உதைப்பதுதான் அவனுக்கு வசதி. தொடங்குவதற்கு முன்னால் எழுந்து போய் ரேடியோவைச் சத்தமாக வைப்பான். அதனால் தெருவில் அவனுக்குப் பாட்டுப் பைத்தியம் என்று நல்ல பெயர். அவளுடைய இடது காது போனது ஒரு பாட்டு ஓடும்போது. வயிற்றில் ஏழு மாதமாக வளர்ந்த குழந்தை போனது இன்னொரு பாட்டு ஓடும்போது. ஒவ்வொரு முறையும் இதே ஆஸ்பத்திரியில் 'வழுக்கி விழுந்துட்டேன்' என்றுதான் சொன்னாள்.

"நான் அடிக்கட்டுமா?" என்றாள்.

பெட்டிக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். தான் பேசும்போதெல்லாம் அவள் வலது காதையே திருப்புவதை அவர் கவனித்திருந்தார்.

"முன்னப்பின்ன தெரியாத ஆளோட கால உடைக்க யாரும்மா கேப்பாங்க?"

அவள் கையை நீட்டினாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. முட்டிமேல் துணியைப் போட்டு, கொட்டாப்புளியை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

முதல் அடியில் சுத்தியல் எகிறியது. இரண்டாவது அடியை ஓங்கிப் போட்டாள். அவள் கை சும்மா கையா, ஆயுசெல்லாம் இரும்பைத் தூக்கி வைத்த கை. மூன்றாவதில் முட்டி படீரென்று விட்டுக்கொடுத்தது. எவ்வளவோ ஏச்சு சேர்த்து வைத்திருந்தாள், ஆனால் வாயில் வந்தது மூச்சிரைப்பு மட்டும். சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சுகமாக இருந்தது. அடுத்த முட்டிக்குத் துணியை நகர்த்தினாள்.

"அம்மா!"

வாசலில் மகன். பின்னால் மருமகள். போலீஸ் டயர் கடைக்கும் போன் போட்டிருக்கிறது.

மகன் மேசையைப் பார்த்தான், காலைப் பார்த்தான். அவ்வளவுதான், கண்மண் தெரியவில்லை. பெட்டிக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தில் குத்தினான். அவர் பல்லோடு ரத்தத்தைத் துப்பிக்கொண்டு கீழே சரிந்தார். சரிந்தவரின் விலாவில் ஓர் உதை.

"எங்கப்பா காலயா உடைக்கச் சொல்ற? அநாதையாடா அவரு? எங்க கையெழுத்துப் போடணும், கொண்டா. வீட்டுக்குக் கொண்டுபோய் ஊரே பாக்க எடுக்கறேன்."

"அந்த ஆளு என் வீட்டுக்கு வரக் கூடாது" என்றாள் இஸ்திரிக்காரி.

"நீ பேசாத. உன் வாயாலதான் அந்த மனுசன் வீட்ட விட்டே போனாரு."

மருமகள் அவன் முழங்கையைத் தொட்டாள். "அத்தை சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்."

அவன் கை மேலே போனது. இன்னும் தோள் உயரம்கூட எட்டவில்லை, அதற்குள் மருமகள் இடது காதைத் தோளோடு ஒட்டி, இரண்டு முழங்கைகளாலும் வயிற்றை மூடி, சத்தம் வெளியே வராதபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பயந்தவள் அப்படிச் செய்வதில்லை, பழகியவள்தான் செய்வாள். அதை எப்படிச் செய்வதென்று அந்த அறையில் இன்னொருத்திக்கும் தெரியும்.

மாடியில் டிவி ஏன் அப்படி அலறுகிறது என்று இஸ்திரிக்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்கிற காதைத் தலையணையில் புதைத்துத் தூங்கிய தன்னை வெட்டிப் போட்டாலும் தகும் என்று தோன்றியது. யாரை வாசலில் விடக் கூடாது என்று இங்கே வந்து பொய் சொன்னாளோ, அவன் எப்போதோ மாடியேறி விட்டிருந்தான்.

அடி விழுந்தது. மருமகளின் தலை கதவு நிலையில் மோதி ரத்தம் வழிந்தது. உட்கார்ந்துவிட்டவளின் முடியை இடது கையால் பிடித்துத் தூக்கினான் மகன். வலது கையைப் பெட்டியின் விளிம்பில் ஊன்றிக் காலை ஓங்கினான். அதே கால், அப்பனை உரித்து வைத்த அதே ஓங்கல்.

இஸ்திரிக்காரி யோசிக்கவில்லை. கொட்டாப்புளியை இரண்டு கையாலும் தூக்கி, பெட்டியில் ஊன்றியிருந்த அந்த மணிக்கட்டின் மேல் இறக்கினாள். முட்டி உடைந்தபோது கேட்ட அதே சத்தம்.

"அம்மா..." என்று அவன் குழந்தை மாதிரி அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். அவளுக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது. சற்று முன் இருந்த சுகத்தில் ஒரு துளிகூட இதில் இல்லை. ஆனாலும் அவன் மருமகளின் முடியை விடுகிற வரைக்கும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

பெட்டிக்காரர் சுவரைப் பிடித்து எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டார். மேசையைக் கண்ணால் காட்டினார்.

"இவருக்கு ரிஜிஸ்தர்ல என்னம்மா போடட்டும்?"

"யாருமில்லன்னு போடுங்க. மிச்சத்த நீங்களே உடைச்சு மூடிருங்க."

கையெழுத்துப் போட வந்தவனின் கை தொங்கிக்கொண்டிருந்தது. மறுத்துப் பேச அவனுக்குத் தெம்பும் இல்லை.

மேலே அவசர சிகிச்சை அறையில் நர்ஸ் அவன் கையைத் திருப்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே அரசாங்க வண்டி பெட்டியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

"எப்படி ஆச்சு?"

மகன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டான். "வழுக்கி விழுந்துட்டேன்."

நர்ஸ் மருமகளின் நெற்றியைப் பார்த்தாள். "உனக்கு?"

மருமகள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நானும்தான்" என்றாள்.

"ரெண்டும் பொய்" என்றாள் இஸ்திரிக்காரி. "இவன் கைய உடைச்சது நான்."

"நீங்க யாரு இவருக்கு?"

"பெத்தவ." மருமகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து நிறுத்தினாள். "இவ மண்டைய உடைச்சது இவன். வயித்துல புள்ள இருக்குன்னு நெனைக்கிறேன், அதையும் பாருங்க. ஒண்ணு விடாம எழுதிக்குங்க."