மெழுகு நூல்

"அங்கிளே, ஒரு சின்ன சௌண்ட் உண்டு," என்றான் ஜிதின். "ஈஈஈன்னு. மேல் ஸ்தாயில, வளரே மேல."

இசக்கிதுரைக்குச் சுருக்கென்றது. வைட்டிலாவில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் குடியிருக்கும், மகளோடு கிட்டார் வாசிக்கிற ஒருவன், மட்டாஞ்சேரியில் இரண்டே அறை உள்ள வீட்டுக்குள் வந்து, கொடுத்த சாயாவைப் பாதி குடித்து மூடிவைத்துவிட்டு, தான் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து கட்டிய, கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்பில் குறை சொல்கிறான். இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து? அவர் ஜிதினின் கிட்டாரைப் பார்த்தார். பளபளவென்று கறுப்பாக இருந்தது. வாங்கி இரண்டு வருடமாகியும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் சோபாவில் உட்காருகிறவர்கள் உண்டல்லவா, அந்த வகை வீட்டுக் கிட்டார்.

கிட்டார் வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்குக் காது கிடையாது என்பது இசக்கிதுரையின் தீர்மானம். மீதிப் பேருக்குக் காது உண்டு, ஆனால் கடையில் மண்டையோட்டுப் படம் போட்ட பெடலைப் பார்த்த கணத்தில் காதைக் கழற்றிக் கல்லாவில் வைத்துவிடுவார்கள். காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தத்தைக் கரகரப்பாக மாற்றித் தரும் ஒரு சின்னப் பெட்டி, அவ்வளவுதான் பெடல். அதற்குள் இருப்பதை அவர் ஒரு எவர்சில்வர் சோப்பு டப்பாவுக்குள் கட்டிக்காட்டியிருக்கிறார். வாங்க வந்தவன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதில் பேரொண்ணும் இல்லே சேட்டா?" என்று கேட்டான். பேர் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கு என்று அனுப்பிவிட்டார். இப்படி அனுப்பப்பட்டவர்கள் கொச்சியில் நிறையப் பேர். தோப்பும்படியில் கல்யாண வீடுகளுக்கு மைக் செட் போடுகிறவனும், வீடியோவில் சாலிடரிங் சொல்லித்தரும் தாடிக்காரனும், ஜூ டவுன் கடைகளில் பழைய வால்வு ரேடியோக்களைப் பாலிஷ் போட்டு வெள்ளைக்காரர்களுக்கு விற்கிறவர்களும் அவர் கணக்கில் ஒரே இனம்தான். ரேடியோ பாடுமா என்று கேட்டால், லைட் எரியும் என்று பதில் சொல்கிற இனம். அப்படி ஒரு கடையிலிருந்து எடுத்த ரேடியோவின் மரப்பெட்டிக்குள்தான் இந்த ஆம்ப் இருந்தது. பகலில் கார்ப்பரேஷனுக்காகத் தெருவிளக்குக் கம்பத்தில் ஏறி இறங்கிவிட்டு, மாலையில் வந்து கட்டியது. வேலையைத் தானே கற்றுக்கொண்டவர். அதனால் உலகத்தில் ஒருவருக்கும் நன்றி சொல்லும் கடமை அவருக்கு இல்லை.

இவ்வளவு பேச்சுக்கும் அவர் கட்டிய ஆம்புகளில் ஒன்றுகூட இதுவரை மேடை ஏறியதில்லை. ஏறாததற்குக் காரணம் ஆம்ப் இல்லை, அவர் நாக்கு. இது மனைவி வசந்திக்குத் தெரியும், தெருவுக்கே தெரியும். கடைசியில் அவர் ஆம்பை மேடைக்குக் கொண்டுபோகிறேன் என்று சொன்ன ஒரே ஆள் அவர் மகள் ஸாதனாதான். களமசேரியில் படிக்கிறாள். ஜிதினும் இன்னும் இரண்டு பேரும் அவளுமாக ஒரு குழு. ஜூ டவுனுக்குப் பின்னால் மிளகு மூட்டை அடுக்கியிருந்த ஒரு பழைய கிட்டங்கியைச் சுத்தம் செய்து இப்போது அதில் பாட்டுக் கச்சேரி வைக்கிறார்கள். இன்று சாயங்காலம் அங்கே இவர்கள் வாசிக்கிறார்கள். ஸாதனா சொன்ன நாளிலிருந்து இசக்கிதுரைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. முன்வரிசையில் உட்காரக்கூடாது, கடைசியில் தூணோரமாக நிற்க வேண்டும், யாராவது இது யார் கட்டியது என்று கேட்டால் ஸாதனாவே கையைக் காட்டட்டும் என்பது வரை யோசித்து வைத்திருந்தார்.

அந்த நாளில்தான் இந்தப் பயல் வந்து ஈஈஈ என்கிறான்.

"ஒம் போன்தான் கத்துது. கொண்டுபோய் வாசல்ல வச்சிட்டு வா."

ஜிதின் போனை வெளியே வைத்துவிட்டு வந்தான். "இப்பழும் உண்டு அங்கிளே."

"ஏ வசந்தி, அந்த ட்யூப்லைட்ட அணை. ஃபேனையும் நிறுத்து."

இரண்டும் நின்றன. வியர்த்தது. இசக்கிதுரை ஸ்பீக்கரின் துணியில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். வால்வு ஆம்புக்கே உரிய மெல்லிய இரைச்சல் மட்டும், தூரத்து மழை மாதிரி, சுத்தமாக இருந்தது. அவர் நிமிர்ந்தபோது ஜிதின் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, பல் கூசுகிறவன்போல நின்றான். நன்றாக நடிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"எந்தா சௌண்டு? எங்க சௌண்டு? ஏ வசந்தி, ஒனக்கு எதாவது கேக்குதா?"

வசந்தி கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு அடுக்களை வாசலில் வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள். "எனக்கு ஒண்ணும் கேக்கல. பள்ளிவாசல்ல பாங்கு விளிக்கிறதா இருக்கும்."

"கேட்டியா? எனக்குக் கேக்கல, அவளுக்குக் கேக்கல. ஒனக்கு மட்டும் தனியா வந்து பாடுதோ?"

ஜிதின் ஸாதனாவைப் பார்த்தான். அவள் கட்டில் ஓரத்தில் மடியில் கிட்டாரோடு, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாகவே அவள் சரியில்லை. ஆம்பைப் போட்டதும் கொஞ்ச நேரம் வாசிப்பாள், பிறகு தலைவலி என்று அணைத்துவிடுவாள். பொழுதன்னைக்கும் போனைப் பார்த்தால் தலைவலிக்காமல் என்ன செய்யும் என்று அவரும் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். முந்தாநாள் பயிற்சிக்கு ஜிதின் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கடையில் வாங்கிய கறுப்பு ஆம்ப் ஒன்று இருக்கிறது. மேலே வெள்ளை எழுத்தில் பேர் எழுதியது.

"நீ சொல்லு," என்றார்.

"இருக்குப்பா," என்றாள் ஸாதனா.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இவர்கள் முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கறுப்பு ஆம்பைக் கொண்டுபோக வேண்டும், கிழவன் மனம் கோணாமல் ஒரு காரணம் வேண்டும், அதற்கு ஒரு சத்தம். அதுவும் எப்படிப்பட்ட சத்தம்? வயதானவர்களுக்குக் கேட்காத சத்தம்! இல்லாத சத்தத்தைக் கண்டுபிடிக்கிற புத்தியைப் படிப்பில் காட்டியிருந்தால் இருவரும் எங்கேயோ போயிருப்பார்கள்.

"ஒனக்கு இந்தப் பெட்டிய நாலு பேர் முன்னால வைக்க நாணமா இருக்கு," என்றார். "அத நேர சொல்லிட்டுப் போ. அதுக்கு எதுக்கு சாட்சியக் கூட்டிட்டு வார? தெருவிளக்கு மாத்துறவன் மக தெருவிளக்கு மாத்துறவன் செஞ்ச பெட்டியில வாசிச்சான்னு ஒங்க களமசேரியில தெரிஞ்சா கொறச்சலாயிரும். அதான?"

"அப்பா, மதி. போதும்."

"என்ன மதி? பத்து வெரல் இருந்தாப் போதுமா வாசிக்க? காது வேணும். காது!"

ஸாதனா கிட்டாரைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அழவில்லை. தன் போனை எடுத்து எதையோ திறந்து, ஸ்பீக்கருக்கு நேராக ஸ்டூலின்மேல் சாத்தி வைத்தாள். திரையில் பச்சை நிறத்தில் மேடு பள்ளமாக ஒரு கோடு துடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஆட்டோ போனால் இடப்பக்கம் மேடு எழுந்தது. அடுக்களையில் பாத்திரம் உருண்டால் நடுவில் எழுந்தது. கீச்சுச் சத்தங்களுக்கான வலப்பக்கம், வெகு தூரத்தில், ஒரே ஒரு முள் மட்டும் அசையாமல் செங்குத்தாக நின்றது.

"இதுதான்பா."

இசக்கிதுரை சிரித்தார். போனை வைத்து ஆம்பைப் பரிசோதிக்கிற காலத்துக்கு வந்தாயிற்று. இது கடன்காரன் விளம்பரம் காட்டும், ராசிபலன் சொல்லும், இப்போது ஆம்பும் ரிப்பேர் பார்க்குமாக்கும். இதன் யோக்கியதையைக் காட்டுகிறேன் என்று ஆம்பின் பின்புறம் கைவிட்டார். வால்வுகளைச் சூடாக வைத்துக்கொண்டே சத்தத்தை மட்டும் நிறுத்துகிற சுவிட்ச் ஒன்று அங்கே உண்டு. அதைத் தட்டினார்.

முள் விழுந்துவிட்டது.

மறுபடி தட்டினார். முள் எழுந்து அதே இடத்தில் நின்றது. விழவைத்தார், எழவைத்தார். ஒவ்வொரு தடவை எழும்போதும் ஜிதினுடைய முகம் சுருங்கியது. ஸாதனாவின் புருவங்களுக்கு நடுவில் ஒரு கோடு விழுந்தது. ஆம்பின் முன்னால் நின்ற இசக்கிதுரைக்கோ இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. தூரத்து மழை வந்தது, நின்றது. அவ்வளவுதான். சற்றுமுன் காது காது என்று கத்திய மனுஷர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆம்பைக் கவிழ்த்துப் பின்பலகையைக் கழற்றினார். கழற்றும்போதே தெரிந்துவிட்டது. போன வாரம் இதே பலகையைக் கழற்றி வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் செய்த வேலை உள்ளே கண்ணைப் பறித்தது. அதுவரை வயர்கள் ஒன்றின்மேல் ஒன்று தாண்டி இஷ்டத்துக்குக் கிடந்தன. மேடைக்குப் போகிற பெட்டி. கிட்டங்கியில் எவனாவது ஒருவன் பின்னால் எட்டிப் பார்ப்பான். மற்றவர்கள் கட்டிய ஆம்புகளைத் திறந்து பார்க்கும்போதெல்லாம், இது வயரிங்கா இடியாப்பமா என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய் அவருடையது. அந்தக் கேள்வியைத் தன்னைப் பார்த்து ஒருவன் கேட்டுவிடக்கூடாது. அதனால் செருப்புத் தைக்கிற மெழுகு நூலை வாங்கி வந்து, எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து, விரலுக்கு விரல் முடிச்சுப் போட்டு, கல்யாணப் பெண்ணின் சடைபோல ஒரே கட்டாகக் கட்டியிருந்தார்.

கிட்டாரிலிருந்து உள்ளே வரும் வயரும், பெரிதாகி ஸ்பீக்கருக்குப் போகும் வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடக்கூடாது. ஓடினால் வெளியே போவது மறுபடி உள்ளே கசியும். ஆம்ப் தன்பாட்டுக்குக் கத்த ஆரம்பிக்கும். இது இந்த வேலையின் அரிச்சுவடி. இது தெரியாமல் செய்த எத்தனை பேரை அவர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார்! கட்டி முடித்த அன்றைக்குப் போட்டுப் பார்த்தார். கத்தியது. அவருக்குத்தான் கேட்கவில்லை. மகளுக்குத் தலைவலி வரும்படி கத்திக்கொண்டிருந்த ஒன்றின் முன்னால் அவர் கைகட்டி உட்கார்ந்து, எவ்வளவு சுத்தமான சத்தம் என்று ரசித்திருக்கிறார்.

அவருக்குப் பயமாக இருந்தது. எப்போதிலிருந்து கேட்கவில்லை? இதுவரை கட்டியனுப்பியவற்றில் எத்தனை கத்தின? வாங்கிப் போனவர்கள் திரும்பி வராததை அவர்களுடைய ரசனைக் குறைவு என்றுதானே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்.

"என்னைக்குலேருந்து இருக்கு?" என்று கேட்டார். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது.

"நீங்க நூல் கட்டின அன்னைக்குலேருந்து."

"ஏன் சொல்லல?"

ஸாதனா நூல் முடிச்சுகளைப் பார்த்தாள். "சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "அதத்தான் இப்பச் சொன்னீங்க."

வாசலில் பெட்டி ஆட்டோ வந்து நின்று ஹாரன் அடித்தது. அதில் ஜிதினுடைய கறுப்பு ஆம்ப் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாக இசக்கிதுரை பார்த்தார். பயல் எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருக்கிறான். ஆனாலும் இப்போது அவன்மேல் கோபம் வரவில்லை. வராததுதான் எரிச்சலாக இருந்தது.

"ஸாதனா, டைம் ஆயி," என்றான் ஜிதின் மெதுவாக. "ஞான் வெளியில நில்க்காம்." தன் கிட்டாரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

இசக்கிதுரை பிளேடை எடுத்தார். முதல் முடிச்சை அறுக்கக் கை வரவில்லை. அவ்வளவு ஒழுங்காக இருந்தது. பிறகு அறுத்தார். ஒவ்வொன்றாக அறுக்க அறுக்க வயர்கள் விடுபட்டு, அசிங்கமாக, பழையபடி விரிந்தன. உள்ளே வரும் வயரை ஓரமாக ஒதுக்கினால் கத்துவது நின்றுவிடும். ஆனால் எவ்வளவு ஒதுக்கினால் நிற்கும் என்பதைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். ஆம்பைத் திறந்தபடியே போட்டார். வால்வுகள் சிவந்தன. உள்ளே ஆளைத் தூக்கி எறிகிற மின்சாரம். நெஞ்சு வழியாக ஷாக் பாயாதபடி இடது கையைப் பழக்கப்படி முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, வலது கையில் வசந்தியின் மரக்கரண்டியை எடுத்து, அதன் காம்பினால் வயரைத் தொட்டார். வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பையன்போல இருந்தது அவர் நின்ற நிலை.

ஸாதனா ஸ்டூலில் இருந்த போனைத் திருப்பி அவர் பக்கம் வைத்தாள்.

"அது வேண்டாம்," என்றார். "எடுத்து உள்ள வை. நீ நில்லு."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆம்புக்கு எதிரில் வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டாள். புருவங்களுக்கு நடுவில் அந்தக் கோடு விழுந்தது. இசக்கிதுரை கரண்டிக் காம்பால் வயரை மெல்ல நகர்த்தினார். கோடு ஆழமாயிற்று. மறுபக்கம் நகர்த்தினார். வயரைப் பார்க்கவில்லை, மகளின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

வாசலில் ஆட்டோ மறுபடி ஹாரன் அடித்தது. கண்ணைத் திறக்காமலே ஸாதனா ஒரு கையை ஜன்னல் பக்கம் உயர்த்தி, பொறு என்று காட்டினாள்.